மாநிலப் பூவுக்கு ஓர் எச்சரிக்கைப் பலகை!



தமிழ்நாட்டின் மாநில மலர் எது என்று கேட்டால் ஆறாம் வகுப்புத் தம்பிகூட "செங்காந்தள்"னு டக்குனு சொல்லிடுவான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதல் பூவும் காந்தள்தான். ஆனா, அந்தச் செடியின் கிழங்கு, விதை, இலை எல்லாமே விஷம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

நம்ம பள்ளி மூலிகைத் தோட்டத்தில் துளசி, தூதுவளைக்குப் பக்கத்திலேயே இதையும் நடலாம் என்று பேச்சு நடக்கிறது. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனால் தனியாக நட்டு, வேலி போட்டு, 'நச்சுச் செடி' என்று பலகை வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

காரணம் கோல்ச்சிசின். 22 கார்பன், 25 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு அது. 'கவுட்' என்ற மூட்டு வாதத்துக்கு டாக்டர்கள் கொடுக்கும் மருந்து. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயிகள் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் இதைப் பயிர் செய்வது, இந்த மருந்து இருக்கும் விதைக்காகத்தான். கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்கிறார்கள். எவ்வளவு பொறுமை பாருங்க!

மூட்டில் வீக்கம் உண்டாக்க ஓடிவரும் வெள்ளை அணுக்களை கோல்ச்சிசின் தடுக்கும். அளவு மீறினால் அதுவே உடம்பில் செல் பிரிவதை நிறுத்திவிடும். முதலில் வாந்தி, பேதி. பிறகு ரத்த அணுக்கள் குறையும், முடி கொட்டும், உயிரே போகலாம். ஒரு மாத்திரையில் இருப்பது சுமார் அரை மில்லிகிராம்தான். கிழங்கில் எவ்வளவு இருக்கு என்று கண்ணால் பார்த்து யார் சொல்ல முடியும்? பார்க்க வள்ளிக் கிழங்கு மாதிரியே வேற இருக்கும்!

"மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது" என்று நாம சர்வசாதாரணமா சொல்றோம். அந்தப் பேச்சுதான் ஆபத்து. சித்த மருத்துவர்களே இதைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை.

தோட்டத்தில் விளையாடப் போவது நம்ம தம்பி தங்கைகள். பூவின் பெருமையைச் சொல்லித் தருகிற நாம், அதன் விஷத்தையும் சேர்த்தே சொல்லித் தருவோம். பலகை எழுத நான் ரெடி. பெயிண்ட் வாங்கித் தர ஆசிரியர்கள் ரெடியா?

சிந்திப்போம்! செயல்படுவோம்!

- பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி