ஃபிலடெல்ஃபியாவில் கார்னர்பேக்கைத் திட்டுவது எப்படி?

ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ரசிகர்கள் மாதிரி அமெரிக்கக் கால்பந்தை நேசிப்பவர்களும் குறைவு, அவர்கள் மாதிரி திட்டுபவர்களும் குறைவு. 1968இல் சாண்டா கிளாஸ் வேடம் போட்டு வந்த ஆளையே பனி உருண்டையால் அடித்த பரம்பரை (கட்டுக்கதை இல்லை, நிஜம்). அதனால் அவர்கள் திட்டுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. யாரை, எதற்காகத் திட்டுகிறார்கள் என்பதில்தான் கோளாறு. குறிப்பாகக் கார்னர்பேக் விஷயத்தில்.

இந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மைதானத்தின் ஓரத்தில் நின்று, எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரை மறிப்பவர்தான் கார்னர்பேக். எங்கே ஓடப்போகிறோம் என்பது ரிசீவருக்கு முன்பே தெரியும், இவருக்குத் தெரியாது. ரிசீவர் முன்னோக்கி ஓடுவார். இவர் பின்னோக்கி ஓட ஆரம்பித்து, பாதியில் இடுப்பைத் திருப்பி, அதே வேகத்தில் ஒட்டிக்கொண்டு போகவேண்டும். முதல் 5 கெஜத்துக்குள் மட்டும் கை வைத்துத் தடுக்கலாம். அதைத் தாண்டித் தொட்டால் நடுவர் கொடியை வீசிவிடுவார். 2004இல் லீக் இந்த விதியை இன்னும் கறாராக அமல்படுத்தச் சொன்னது. ரசிகர்களுக்கு நிறைய ஸ்கோர் வேண்டுமாம்!

ரசிகர் இதில் எதைப் பார்க்கிறார்? பெரும்பாலும் எதையுமே பார்ப்பதில்லை. ஆட்டம் தொடங்கியதும் டிவி கேமரா பந்தோடு நிற்கும், அதாவது குவார்ட்டர்பேக்கோடு. ஓரமாகப் பதினைந்து இருபது கெஜம் ஓடிப்போன கார்னர்பேக் திரையிலேயே இருக்கமாட்டார். பந்து அவர் பக்கம் பறந்தால்தான் அவருடைய தரிசனம் கிடைக்கும். ரிசீவரை அவர் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடினால், குவார்ட்டர்பேக் அந்தப் பக்கமே திரும்பாமல் வேறு ஆளுக்கு எறிந்துவிடுவார். அது திரையில் வராது, புள்ளிவிவரத்திலும் ஏறாது. மைதானத்தின் 22 பேரும் தெரியும் வீடியோவை 2012 வரை லீக் பொதுமக்களுக்கு விற்கவே இல்லை. அதற்குப் பிறகு காசு கொடுத்தால் கிடைத்தது. வாங்கிப் பார்த்துவிட்டுத் திட்டுபவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள்.

சரி, எண்ணிக்கையாவது உதவுமா? நம்டி அசமுவா கதையைப் பாருங்கள். ஓக்லண்ட் ரெய்டர்ஸில் 2006இல் 8 இன்டர்செப்ஷன் பிடித்தார். அதற்கப்புறம் எதிரணிகள் அவர் பக்கம் எறிவதையே குறைத்துக்கொண்டன. 2007 முதல் 2010 வரை நான்கு சீசனிலும் சேர்த்து அவர் பிடித்தது வெறும் 3. அந்த நான்கு வருடமும் லீக்கின் தலைசிறந்த கார்னர்பேக்குகளில் ஒருவர் என்றுதான் பேர். 2011இல் ஈகிள்ஸ் அவரை 5 வருடம், 60 மில்லியன் டாலர் என்று ஒப்பந்தம் போட்டுக் கூட்டிவந்தது. அந்த அணிக்குத்தான் 'ட்ரீம் டீம்' என்று பட்டம் கட்டினார்கள். முதல் சீசனிலேயே 3 இன்டர்செப்ஷன். ஓக்லண்டில் நான்கு வருடத்தில் பிடித்ததை இங்கே ஒரே வருடத்தில் பிடித்துவிட்டார். ஆனாலும் ஊரே சொன்னது, ஆள் தோல்வி என்று!

ஊர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அவர் ஓக்லண்டு ஆள் மாதிரி ஆடவில்லைதான். ஆனால் ஏன்? ஓக்லண்டில் அவர் வேலை ஒன்றே ஒன்று: ஒரு ஓரத்தில் நின்று, எதிரே நிற்கும் ஆளை முட்டி மறித்து, கடைசிவரை விடாமல் துரத்துவது. ஃபிலடெல்ஃபியாவிலோ அவரை இங்கும் அங்கும் மாற்றி நிறுத்தி, ஆளுக்குப் பதில் இடத்தைக் காவல் காக்கவும் வைத்தார்கள். அந்தத் தற்காப்பை வகுத்தவர் ஹுவான் காஸ்டில்லோ. அதற்கு முன் வருடக்கணக்காகத் தாக்குதல் வரிசைக்குப் பயிற்சி கொடுத்தவரைத் திடீரென்று தற்காப்புக்குத் தலைவராக்கினார் ஆண்டி ரீட். 2012 சீசன் நடுவிலேயே காஸ்டில்லோவுக்கு வேலை போனது, சீசன் முடிந்ததும் ரீடுக்கும் போனது. ஆனால் இன்றைக்கும் 'ட்ரீம் டீம்' என்று ஆரம்பித்தால் ரசிகர் வாயில் முதலில் வரும் பெயர் அசமுவாதான்.

அடுத்தவர் ஜேம்ஸ் பிராட்பெரி. 2023 பிப்ரவரி 12, கான்சஸ் சிட்டியுடன் சூப்பர் பவுல். 35-35 சமநிலை, 1 நிமிடம் 54 வினாடி பாக்கி. ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டரின் ஜெர்சியைப் பிராட்பெரி லேசாகப் பிடித்தார், கொடி விழுந்தது. கான்சஸ் சிட்டி நேரத்தைக் கரைத்து, கடைசியில் ஃபீல்ட் கோல் உதைத்து 38-35 என்று ஜெயித்தது. முதலில் நடுவருக்கு அர்ச்சனை. ஆட்டம் முடிந்ததும் பிராட்பெரியே "ஆமாம், பிடித்தேன்" என்று ஒப்புக்கொள்ள, அர்ச்சனை அவருக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. மழுப்பாமல் உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு!

அந்த ஒரு பிடிக்கு முன்னால் நடந்ததை யார் கணக்கில் எடுத்தார்கள்? அந்த சீசனின் வழக்கமான ஆட்டங்களில் ஈகிள்ஸ் எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளை 70 தடவை பந்தோடு தரையில் சாய்த்திருந்தது. 'சாக்' என்பார்கள். சூப்பர் பவுலில் எத்தனை? பூஜ்யம். கடைசிக் கால்பகுதியில் டோனிக்கும் மூருக்கும் போன இரண்டு டச் டவுன்களிலும் பக்கத்தில் ஈக்குஞ்சு கூட இல்லை. அது ஒரு கார்னர்பேக்கின் கால் வேகப் பிரச்சினை இல்லை, எதிரணி போட்ட திட்டத்தில் மொத்தத் தற்காப்பும் ஏமாந்தது. மஹோம்ஸ் மாதிரி ஒருவருக்கு இஷ்டம் போல் நேரம் கொடுத்துவிட்டால் எந்தக் கார்னர்பேக்கும் ஜெர்சியைத்தான் பிடிப்பார்.

"கோடி கோடியாக வாங்குகிறாரே, திட்டக்கூடாதா?" தாராளமாகத் திட்டலாம். 2023 சீசனில் பிராட்பெரிக்கு நிஜமாகவே வேகம் குறைந்திருந்தது, அதைச் சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். அந்த வருடம் 10-1 என்று கிளம்பிய அணி அப்புறம் குப்புற விழுந்தது. சீசன் நடுவில் தற்காப்பை நடத்தும் பொறுப்பையே ஷான் டெசாயிடமிருந்து பிடுங்கி மாட் பட்ரீஷியாவிடம் கொடுத்தார்கள். அந்தக் கூத்தையும் சேர்த்துத் திட்டினால் யாரும் தடுக்கப்போவதில்லை.

2025 பிப்ரவரி 9, மறுபடியும் சூப்பர் பவுல், மறுபடியும் அதே மஹோம்ஸ். இந்தத் தடவை 6 சாக். அடுத்தடுத்து இரண்டு முறை சாய்க்கப்பட்ட மஹோம்ஸ், மூன்றாவது முயற்சியில் நெருக்கடியில் ஓடிக்கொண்டே எறிந்த பந்தைக் கூப்பர் டிஜீன் பிடித்து, 38 கெஜம் ஓடி டச் டவுன் போட்டார். அன்றைக்கு அவருக்கு 22ஆவது பிறந்தநாள் வேறு. ஈகிள்ஸ் 40-22 என்று ஜெயித்தது. டிஜீன் ஒரே நாளில் ஊருக்கே செல்லப்பிள்ளை ஆனார். ஆகட்டும், தகுதியான பையன்தான். ஆனால் அந்தப் பந்து அவர் கைக்கு வரக் காரணமான முன்வரிசைத் தடியன்களுக்குப் பாதிக் கைதட்டல் போகவேண்டும்.

அதே அணியில் இன்னொரு பக்கம் நின்றவர் குவின்யன் மிட்செல். 2024இல் ஈகிள்ஸின் முதல் சுற்றுத் தேர்வு. எதிரணிகளின் பெரிய பெரிய ரிசீவர்களை வாரம் தவறாமல் மறித்தார். பிளேஆஃப் தொடங்கும் முன், அந்த முழு சீசனிலும் அவர் பிடித்த இன்டர்செப்ஷன்கள்: 0.