சைடு மிரருக்கு ஒரு சுவிட்ச்... ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்!

மார்கழி பிறந்துவிட்டால், நீலகிரிப் பக்கம் விடியற்காலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு முன் கண்ணாடி பெரிய பிரச்னை இல்லை. வைப்பர் இருக்கிறது, உள்ளேயிருந்து காற்றைத் திருப்பிவிடலாம். கேட்க ஆளில்லாமல் வெளியே பனியில் நிற்பவை இரண்டு சைடு மிரர்கள்தான். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடக்கும் கண்ணாடியில் காற்றிலுள்ள ஈரம் பொடிப்பொடித் துளியாகப் படிந்துவிடுகிறது. துணியால் துடைத்தால் அடுத்த வளைவுக்குள் மறுபடி படிகிறது. பின்னால் பஸ் வருகிறதா, இடப்பக்கம் பைக் நுழைகிறதா... எல்லாம் வெள்ளைப் புகை!

விலை கூடிய மாடல்களில் மிரருக்குள்ளேயே சூடாக்கும் பட்டை வைத்துத் தருகிறார்கள். பின் கண்ணாடி டீஃபாகர் பட்டனைத் தட்டினால், பல கார்களில் மிரரும் சேர்ந்து சூடாகும். சில நிமிடங்களில் தானாகவே அணைந்தும்விடும். நம்மில் பலர் வாங்குகிற பேஸ் மாடலில் இது கிடையாது. அதனால்தான் ஆன்லைனில் மிரருக்குப் பின்னால் ஒட்டுகிற பட்டைகளை ஜோடியாக வாங்கி, டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்துக்கொள்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால், வேலையை யார் எப்படிச் செய்கிறார் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும்.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றிச் செல்கிற என் மாமா, போன வருஷம் தன் லோடு வண்டிக்கு இதைப் போட்டார். செய்துகொடுத்தவர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். எப்படி? பக்கத்திலிருந்த ஹெட்லைட் வயரைச் சுரண்டி, மெல்லிய வயரை முறுக்கி, டேப் சுற்றிவிட்டார். தனி ஃபியூஸ் இல்லை. இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் குன்னூர் தாண்டி இறங்கும்போது ரப்பர் கருகும் வாசனை. கதவு திறந்து மூடும் இடத்தில் வயர் தேய்ந்து, தகரத்தில் பட்டு, உருகிக்கொண்டிருந்தது. மாமா உடனே நிறுத்தி பேட்டரி வயரைக் கழற்றியதால் தப்பித்தார்.

ஃபியூஸ் என்பது மிரரைக் காப்பாற்ற வைப்பது அல்ல. வயரைக் காப்பாற்ற வைப்பது. ஹெட்லைட்டுக்கான ஃபியூஸ் தடித்த வயருக்குக் கணக்குப் பண்ணி வைத்தது. நம் மெல்லிய வயர் கருகுகிற அளவு கரன்ட் ஓடினாலும் அது அசையாது. அப்படியே அது போனாலும், மலைப்பாதை இருட்டில் ஹெட்லைட்டும் சேர்ந்து அணையும். இரண்டில் எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை!

மாமா வண்டியைச் சரிசெய்த மேட்டுப்பாளையம் எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம், “ரிலே எதுக்குங்கண்ணா? மிரர்தானே?” என்று கேட்டேன். “சுவிட்சு வேலை சொல்றதுக்கு மட்டும் அம்மணி. பாரம் தூக்கறது ரிலே” என்றார். பேட்டரியிலிருந்து வரும் வயர், ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் நம்பர் காலுக்கு. 87-லிருந்து மிரர்களுக்கு. சாவி போட்டால் மட்டும் கரன்ட் வருகிற வயர், சுவிட்ச் வழியாக 86-க்கு. 85 பாடியில் எர்த். சாவியை எடுத்தால் ரிலே விட்டுவிடும், நாம் மறந்தாலும் மிரர் அணைந்துவிடும்.

இந்தக் கடைசி விஷயம் சாதாரணமானதல்ல. ஒவ்வொரு பட்டையும் 10 வாட் என்றால், இரண்டும் சேர்ந்து 20 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 1.7 ஆம்பியர். ராத்திரி பத்து மணி நேரம் எரிந்தால் 17 ஆம்பியர் அவர் காலி. 35 ஆம்பியர் அவர் பேட்டரியில் கிட்டத்தட்ட பாதி! குளிரில் காலையில் செல்ஃப் எடுக்காது. ஃபியூஸும் இதே கணக்குதான்: 3 அல்லது 5 ஆம்பியர் போதும். ‘அடிக்கடி போகுது’ என்று யாராவது 20 போட வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போகிறதென்றால் எங்கோ வயர் உரசுகிறது என்று அர்த்தம்.

ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். மிரர் பக்கம் வைத்தால், அதற்கு முன்னால் ஓடும் வயருக்குப் பாதுகாப்பே இல்லை. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாய்க்குள்தான் வயர் போக வேண்டும். கதவு மடங்கும்போது இழுபடாத அளவு தளர்வும் வேண்டும். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை போட்ட வயரோ கனெக்டரோ தெரிந்தால் கை வைக்கக் கூடாது. அது பெரும்பாலும் ஏர்பேக் வயர். வாரண்டி இருக்கிற புது வண்டி என்றால், கம்பெனி வயரை வெட்டுவதற்கு முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய வயரைக் காட்டி வாரண்டியை மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

சுவிட்ச் வாங்கும்போது சின்ன விளக்கு எரிகிற வகையாகப் பாருங்கள். சூடு கண்ணுக்குத் தெரியாது; விளக்கு எரிந்தால்தான் ஓடுகிறது என்று தெரியும். மழை கொட்டும்போது இந்தப் பட்டை பெரிதாக உதவாது, பனிக்கும் தூறலுக்கும்தான். வருஷத்துக்கு ஒருமுறை ஊட்டிக்கு டூர் போகிறவர்களுக்கு இந்தச் செலவே தேவையில்லை என்பது என் கருத்து. கதவுப் பையில் ஒரு நல்ல மைக்ரோஃபைபர் துணி போதும். மாமா மாதிரி தினமும் அதிகாலையில் இறங்குகிறவர்கள் தாராளமாகப் போடலாம். போட்டு முடித்ததும் சுவிட்சைத் தட்டி, ஐந்து நிமிஷம் கழித்து இரண்டு மிரரையும் தொட்டுப் பாருங்கள். பிறகு ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டு, நீங்களே ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.