எட்டு மணி நேரக் கணக்கு

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர் யாரிடமாவது போய் 'தாம்போன்' என்று சொல்லிப் பாருங்கள். மேஜை டிராயரைத் திறந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்து நீட்டுவார். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அடைப்பான் என்று ஓர் அர்த்தம், ஆபீஸ் முத்திரை என்று இன்னோர் அர்த்தம். இங்கிலீஷ்காரர்கள் முத்திரையை விட்டுவிட்டு அடைப்பானை மட்டும் எடுத்துக்கொண்டு 'டாம்பன்' ஆக்கினார்கள். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் உடம்புக்குள் வைத்துக்கொள்ளும் விரல் அளவுப் பஞ்சு உருளை. வெளியே இழுக்க ஒரு முனையில் நூல் இருக்கும். இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

பக்கத்தைப் புரட்டாதீர்கள் சார். 'இதெல்லாம் லேடீஸ் சமாசாரம், மங்கையர் பகுதியில போடுங்க' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. மங்கையருக்கு இது ஓரளவு தெரியும். தெரியாதது உங்களுக்குத்தான். ராத்திரி இரண்டு மணிக்கு மனைவிக்கோ தங்கைக்கோ 103 டிகிரி ஜுரம் அடித்தால் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடப் போகிறவர் நீங்கள். அவர் பேச முடியாத நிலையில் இருந்தால் டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்.

இந்த ஊரில் ஒரு வினோதம் உண்டு. பிராந்தி பாட்டிலைப் பட்டப்பகலில் கையில் பிடித்துக்கொண்டு கடையிலிருந்து வருகிற ஆசாமியை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதே தெருவில் மெடிக்கல் ஷாப்பில் நாப்கின் கேட்டால், கடைக்காரர் அக்கம்பக்கம் பார்த்து, நியூஸ் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, கள்ளக்கடத்தல் தங்கம் மாதிரி கைமாற்றுகிறார். எது உடம்புக்குக் கெடுதலோ அது பகிரங்கம், எது தேவையோ அது ரகசியம். அரசாங்கத்துக்குக்கூடக் கூச்சம் விட்டுப்போயிற்று: 2018 ஜூலையில் நாப்கினுக்கும் டாம்பனுக்கும் ஜி.எஸ்.டி.யே இல்லை என்று எடுத்துவிட்டார்கள். கடைக்காரருக்கு மட்டும் இன்னும் போகவில்லை.

நம் பக்கத்தில் பெரும்பாலோர் நாப்கின்தான். ஆனால் கடலும் நீச்சல் குளமும் உள்ள ஊரில் டாம்பனுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நீந்தலாம், ஓடலாம். சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து இறங்கும் பெண்களில் சிலர் பையில் அது இருக்கும். உங்கள் ஆபீஸ் பெண்கள் சிலர் பையிலும் இருக்கலாம். அது உங்கள் விவகாரம் இல்லை. எட்டு மணி நேரக் கணக்கு மட்டும்தான் விவகாரம்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். இன்றைய டாம்பனை அட்டைக் குழாயோடு சேர்த்து வடிவமைத்தவர் அமெரிக்காவின் டென்வர் நகரத்து எர்ல் ஹாஸ் என்ற டாக்டர். 1931-ல் மனு போட்டு, 1933-ல் காப்புரிமை வாங்கினார். ஏறக்குறைய நாற்பத்தைந்து வருஷம் கழித்து அதே டென்வரில் ஜேம்ஸ் டாட் என்ற குழந்தை மருத்துவர் 1978-ல் ஒரு கட்டுரை எழுதினார். 8 முதல் 17 வயதுக்குள் ஏழு பேர். திடீர் ஜுரம், உடம்பெல்லாம் செந்தடிப்பு, ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு. இதற்கு 'டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். நச்சு அதிர்ச்சி நோய் என்று சொல்லலாம். அந்த ஏழு பேரில் பையன்களும் இருந்தார்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருகிறேன்.

1980-ல் விஷயம் பெரிதாக வெடித்தது. அந்த ஒரே வருஷத்தில் அமெரிக்காவில் மாதவிலக்கோடு சேர்ந்து வந்த கேஸ்கள் மட்டும் 800-க்கு மேல். 38 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். துப்பறிந்து பார்த்ததில் டாம்பன் மாட்டிக்கொண்டது, அதிலும் 'ரிலை' என்ற பிராண்ட் முன்வரிசையில். ப்ராக்டர் அண்டு கேம்பிள் கம்பெனி அதில் வெறும் பஞ்சை வைக்காமல், நுரைத் துண்டுகளையும் தண்ணீரைக் குடித்து ஜெல்லியாகிற ஒரு சரக்கையும் அடைத்திருந்தது. பிரமாதமாக உறிஞ்சும், நாளெல்லாம் மாற்ற வேண்டாம். அந்தப் பெருமைதான் வினையாயிற்று. 1980 செப்டம்பரில் சரக்கைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

டாம்பனில் விஷம் இருந்ததா? இல்லை. விஷத்தைத் தயாரிப்பது ஒரு கிருமி. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று நீளமான பெயர். ஏதோ காட்டில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். மூன்றில் ஒருவர் மூக்கில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது, இதைப் படிக்கிற உங்கள் மூக்கிலும் இருக்கலாம். பொதுவாகச் சாது. அதில் ஒரு சில ரகங்கள் மட்டும், ரத்தம், கதகதப்பு, கொஞ்சம் காற்று, நிறைய அவகாசம் ஆகிய நான்கும் கிடைத்தால் ஒரு நச்சைச் சுரக்கின்றன. பெண்ணுறுப்பின் உள்ளே சாதாரணமாகக் காற்று குறைவு. டாம்பன் தன் பஞ்சு இழைகளுக்கு நடுவே காற்றையும் சேர்த்து உள்ளே கொண்டுபோகிறது. அப்புறம் அதை மணிக்கணக்கில் அங்கேயே விட்டுவைப்பது, கிருமிக்கு லாட்ஜில் ரூம் போட்டுக் கொடுத்த மாதிரி.

அந்த நச்சு ரத்தத்தில் கலந்ததும் நம் எதிர்ப்பு சக்தி பேயாட்டம் ஆடுகிறது. சாதாரணமாக ஒரு கிருமிக்கு எதிராக லட்சத்தில் சில வெள்ளை அணுக்கள்தான் கிளம்பும். இந்த நச்சுக்கோ, டி-அணுக்களில் ஐந்தில் ஒரு பங்குவரைகூட ஒரே நேரத்தில் கம்பெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. ஒரு திருடனைப் பிடிக்க ஊரே தெருவில் இறங்கி, கடைசியில் கடைவீதியையே அடித்து நொறுக்கினால் எப்படி, அப்படி. ரத்தக் குழாய்கள் கசிகின்றன, அழுத்தம் விழுகிறது, சிறுநீரகம், ஈரல் என்று ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்துகின்றன. பெரியவர்கள் பலருக்கு இந்த நச்சை எதிர்க்கும் சக்தி ரத்தத்திலேயே வந்துவிட்டிருக்கும். வராத இளவயதுப் பெண்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

பயமுறுத்திவிட்டேனா? இப்போது ஆறுதல். இது மிக மிக அபூர்வம். ரிலை போனபிறகு, உறிஞ்சும் அளவைக் கிராம் கணக்கில் பெட்டியிலேயே போட வேண்டும் என்று அமெரிக்காவில் 1990-ல் சட்டம் அமலுக்கு வந்தபிறகு, கேஸ்கள் மளமளவென்று குறைந்தன. இப்போது லட்சம் பெண்களுக்கு வருஷத்தில் ஒன்று என்கிற அளவுதான். ஆனால் அந்த ஒன்று யார் என்று பெட்டியில் போட்டிருக்காது.

சரி, ராத்திரி டாம்பன் வைத்துக்கொண்டு தூங்கலாமா? தூங்கலாம், எட்டு மணி நேரத்துக்குள் என்றால். நான்கிலிருந்து எட்டு மணிக்குள் மாற்று, எட்டைத் தாண்டாதே என்பதுதான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்வது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கணக்கு தூங்கின நேரத்திலிருந்து இல்லை, வைத்த நேரத்திலிருந்து. ராத்திரி ஒன்பதுக்கு வைத்துக்கொண்டு பீச் ரோடில் காற்று வாங்கி, சாப்பிட்டு, பேசி, பன்னிரண்டரைக்குப் படுத்து, ஞாயிற்றுக்கிழமைதானே என்று எட்டரைக்கு எழுந்தால், தூக்கம் எட்டு மணிதான். டாம்பனுக்கோ பதினொன்றரை.

ஆகவே, படுக்கப் போகிற நிமிஷம் புதிதாக ஒன்று, எழுந்ததும் காபிக்கு முன்னால் அதை எடுத்தாக வேண்டும். எட்டு மணிக்கு மேல் தூங்குகிற உத்தேசம் இருந்தால் அன்றைக்கு நாப்கின். ராத்திரி முழுக்கத் தாங்கட்டும் என்று தேவைக்கு மேல் பெரிய சைஸ் வைப்பது தப்பு. எவ்வளவு குறைவாக உறிஞ்சுவது போதுமோ அவ்வளவுதான். ஒரே நேரத்தில் இரண்டு கூடவே கூடாது. வைப்பதற்கு முன்னும் பின்னும் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மாதவிலக்கு இல்லாத நாளில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று வைப்பதும் வேண்டாம். கடைசியாக வைத்ததை எடுத்தோமா என்பதையும் ஞாபகம் வைக்க வேண்டும், மறந்துபோகிறவர்கள் உண்டு.

இதில் ஆண்களுக்கு என்ன வேலை? இருக்கிறது. எட்டு மணி நேரம் என்பது ஓர் ஆபீஸ் ஷிப்ட். உங்கள் ஆபீஸில் பெண்கள் டாய்லெட் பூட்டியிருந்து சாவி யார் டிராயரிலோ தூங்கினால், உள்ளே தண்ணீரும் மூடிபோட்ட குப்பைத் தொட்டியும் இல்லையென்றால், அந்தப் பெண் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்த்தான் மாற்றுவார். காலை எட்டிலிருந்து கூட்டிக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை விரட்டும்போது, பின்சீட்டிலிருந்து "ஏங்க, எங்கயாவது நிறுத்துங்களேன்" என்றால், "இன்னும் ஒரு மணி நேரம்தான், அடக்கிக்கோ" என்று கணவன்மார் சொல்வதுண்டு. அவர்கள் நினைப்பது வேறு அவசரத்தை. நிறுத்துங்கள் சார். ஒரு டீ குடித்த மாதிரியும் இருக்கும்.

இனி முக்கியமான இடம். இந்த நோய் வந்தால் எப்படித் தெரியும்? அங்கேதான் சங்கடம். ஜுரம் 102-க்கு மேல், திடீரென்று. வாந்தி, பேதி, உடம்பு வலி, தலைசுற்றல், எழுந்து நின்றால் கண் இருட்டுதல். இவ்வளவையும் கேட்டால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "நேத்து சாப்பிட்ட பிரியாணிதான்!" இல்லையென்றால் டெங்கு. மாத்திரையைப் போட்டுப் படுக்க வைத்துவிடுவார்கள். வெயிலில் சுட்ட மாதிரி உடம்பு சிவக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நம் மாநிறத்தில் அது சட்டென்று தெரியாது; கண் சிவந்திருக்கிறதா, உள்ளங்கை சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோல் உரிவது ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான். அதுவரை காத்திருக்க முடியாது.

லாரன் வாஸர் என்று ஓர் அமெரிக்க மாடல் அழகி. 2012-ல், 24 வயதில், சாதாரண ஃப்ளூ என்று நினைத்துப் படுத்தார். மயங்கிக் கிடந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ஏன் இப்படி ஆயிற்று என்று முதலில் புரியவில்லை. தொற்றுநோய் டாக்டர் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: டாம்பன் வைத்திருக்கிறாரா? இருந்தது. உயிர் பிழைத்தார். வலது காலை எடுக்க வேண்டியதாயிற்று, 2018-ல் இடது காலையும். இன்று தங்க நிறச் செயற்கைக் கால்களோடு மேடையில் நடக்கிறார்.

அந்த ஒரு கேள்வியைத்தான் நீங்கள் ஞாபகம் வைக்க வேண்டும். மாதவிலக்கு நாட்களிலோ அது முடிந்த ஓரிரு நாளிலோ திடீர் ஜுரம், வாந்தி, தலைசுற்றல் என்றால், கூச்சப்படாமல் கேளுங்கள். டாம்பன் இருந்தால் உடனே எடுத்துவிடச் சொல்லுங்கள். எடுத்ததும் ஜுரம் குறைகிறதா என்று தெர்மாமீட்டரோடு உட்கார வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், ஜிப்மரோ பக்கத்தில் எதுவோ, அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே முதல் வாக்கியமாக, "பீரியட்ஸ் டாக்டர், டாம்பன் வெச்சிருந்தாங்க" என்று சொல்லுங்கள். அந்த வாக்கியம் டாக்டருக்குப் பல மணி நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கும். நரம்பு வழியே நிறைய திரவம், நச்சுச் சுரப்பை அடக்கும் கிளிண்டாமைசின் மாதிரி மருந்துகள் என்று சிகிச்சை இருக்கிறது. சீக்கிரம் போனால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். ஒரு முறை வந்தவருக்கு மறுபடி வரலாம், அவர் டாம்பனுக்கு நிரந்தரமாக டாட்டா சொல்லிவிடுவது நல்லது.

மாற்று இருக்கிறதா? தாராளமாக. வெளியே வைக்கும் நாப்கினால் இந்த நோய் வருவது அரிதிலும் அரிது. பக்கத்தில் ஆரோவில்லில் 'ஈக்கோ ஃபெம்' என்ற அமைப்பு துவைத்து மறுபடி உபயோகிக்கும் துணி நாப்கின்கள் செய்கிறது. நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். கொடியில் அது காய்வதைப் பார்த்து வீட்டு ஆண்கள் முகம் சுளிக்காமல் இருந்தால் போதும். இப்போது பிரபலமாகிவரும் சிலிகான் கப்பும் நல்லதுதான், ஆனால் முழு விலக்கு இல்லை. பிரான்சில் லியோன் ஆய்வாளர்கள் 2018-ல் சோதனைக் கூடத்தில் பார்த்தபோது கப்பிலும் இந்தக் கிருமி வளர்ந்தது. ஒவ்வொரு தடவையும் கொதிக்க வைத்த பிறகே மறுபடி உபயோகிக்கச் சொன்னார்கள்.

கல்யாணமாகாத பெண்கள் டாம்பன் உபயோகித்தால் கற்புக்குக் குறை என்று ஒரு வதந்தி உலவுகிறது. பஞ்சுக்கு அவ்வளவு சக்தி கிடையாது.

அந்த ஏழு பேரில் இருந்த பையன்கள்? இந்த நோய் தீக்காயத்தாலும், அறுவை சிகிச்சைப் புண்ணாலும், மூக்கில் ரத்தம் நிற்க அடைக்கும் பஞ்சாலும் வரும். பிரெஞ்சுக்காரரைக் கேட்டால் மூக்கில் அடைப்பதும் தாம்போன் வம்சம்தான் என்பார். ஆகவே ஆபரேஷன் முடிந்து நாளைக்கு உங்கள் மூக்கில் பஞ்சு வைத்தால், எப்போது எடுப்பார்கள் என்று கேட்டுவையுங்கள். அப்போது 'இதெல்லாம் ஜென்ட்ஸ் சமாசாரம்' என்று உங்கள் மனைவி பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாதே!