குதிரைப் பேப்பரும் மாமாவின் நோட்டும்

போன வாரம் கடற்கரையில் நடக்கும்போது, பிரான்சில் வரும் 'பாரி-துர்ஃப்' என்ற குதிரைப் பந்தயத் தினசரியைப் பற்றிப் பேச்செடுத்தேன். கூட வந்த நண்பர், "சூதாட்டத்துக்கு ஒரு பஞ்சாங்கம்! அதெல்லாம் ஒரு பத்திரிகையா?" என்றார். சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பத்திரிகை பிறந்தது 1946-இல். போர் முடிந்திருந்தது. ஜெர்மானியர் ஆதிக்கத்தில் வெளிவந்த பத்திரிகைகள் பல மூடப்பட்டு, புதியவை முளைத்த காலம். விளையாட்டுத் தினசரி 'லெக்கிப்' தொடங்கியதும் அதே ஆண்டுதான். பந்தயம் கட்டுவதை அங்கே 1891-லேயே சட்டம் போட்டு முறைப்படுத்திவிட்டார்கள். 1954 ஜனவரியில் ஆந்த்ரே கர்ரூஸ் என்பவர் 'தியெர்சே'யைக் கொண்டுவந்தார். முதலில் வரும் மூன்று குதிரைகளைச் சொல்ல வேண்டும். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாமானியர்களும் காபிக் கடையில் பென்சிலோடு உட்கார்ந்துவிட்டார்கள். 1976-இல் நான்கு குதிரை, 1989-இல் ஐந்து குதிரை என்று ஆட்டமும் வளர்ந்தது.

எங்கள் மாமா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி, அங்கேயே தங்கியவர். விடுமுறைக்குப் புதுச்சேரி வந்தால் பெட்டியில் பழைய பாரி-துர்ஃப் கட்டு இருக்கும். எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதால் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுவார். குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் எண்ணும் எழுத்துமாக ஒரு வரி இருக்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மூசிக்', அதாவது இசை. முந்தைய பந்தயங்களில் எத்தனையாவதாக வந்தது, எங்கே விழுந்தது, எங்கே பாதியில் நின்றது, எங்கே தகுதி இழந்தது, எல்லாம் அதில் உண்டு. விழுந்திருந்தால் விழுந்தது என்றே போடுவார்கள். மழுப்பல் கிடையாது.

நண்பரே, இப்போது கேட்கிறேன். நேற்றுச் சொன்ன கணிப்பையும் இன்று வந்த முடிவையும் வாசகன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி அச்சடிக்கிற பத்திரிகை வேறு எது? ராசிபலன் எழுதுகிறவர் போன வாரம் சொன்னது பலித்ததா என்று என்றைக்காவது எழுதினாரா? தேர்தல் கணிப்புச் சொல்கிறவர்கள்? நம் வேட்பாளர்களின் பெயருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு 'மூசிக்' போட்டால் எத்தனை பேர் தேறுவார்கள்?

சூதை நான் நியாயப்படுத்தவில்லை. கட்டிய பணத்தில் நடத்துகிறவர்களும் அரசாங்கமும் முதலில் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வார்கள். மிச்சத்தைத்தான் ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆகவே கட்டுகிறவர்களை மொத்தமாகக் கூட்டினால் நஷ்டம்தான். எந்தப் பத்திரிகையாலும் அதை மாற்ற முடியாது. மாமாவுக்கும் அது தெரியும்.

மாமா இறந்தபோது கையில் காசில்லை. "எல்லாவற்றையும் குதிரையில் விட்டான்" என்று உறவெல்லாம் பேசியது. நானும் பேசினேன். பிறகு அவருடைய நோட்டு ஒன்று என் கைக்கு வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் கட்டியது, வந்தது, போனது என்று பாரி-துர்ஃப் போலவே பத்தி பிரித்து எழுதியிருந்தார். ஏழு வருஷக் கணக்கில் நஷ்டம் 2,140 பிராங்க். நோட்டின் பின்பக்கம் இன்னொரு பட்டியல்: உறவினர்களுக்குக் கைமாற்றாகக் கொடுத்து, திரும்பி வராத பணம். அது குதிரையில் போனதைப் போலப் பல மடங்கு. மூன்றாவது வரியில் என் அப்பாவின் பெயர் இருந்தது.

முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்புகளைப் புரட்டியவன் நான். நஷ்டத்தை அப்படி நேராக எழுதிய குறிப்பு அபூர்வமாகத்தான் கண்ணில் பட்டது.

2020-இல் கொரோனாவால் பிரான்சில் பந்தயங்கள் இரண்டு மாதம் நின்றன. ஏற்கெனவே தள்ளாடிய பத்திரிகை அந்த ஆண்டு கைமாறியது. இப்போது பென்சிலுக்குப் பதில் கைப்பேசி. யோசிக்கக்கூட நேரம் தராமல் பணத்தை வாங்கிக்கொள்கிறது. போனதை எழுதிவைக்க யாருக்கும் பொறுமையில்லை.

குதிரைப் பேப்பரைக் கேலி செய்யுங்கள், பரவாயில்லை. ஆனால் விழுந்ததை விழுந்தது என்று எழுதுகிற பழக்கத்தை அதனிடமிருந்து கற்றுக்கொண்டு அப்புறம் கேலி செய்யுங்கள். எனக்கு அது மாமாவின் நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க அப்போது அவர் இல்லை.