சும்மா தலைவலிதானே?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு மஸ்கட்டில் ஒரு வங்கியில் வரவு செலவு பார்க்கிற ஆள். மைக்ரேனைப் பற்றி நம் குடும்பங்களில் நடக்கிற பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்தான் இதை எழுதுகிறேன்.

"ஒரு வேலைன்னு வந்தா போதும், அவளுக்குத் தலைவலி வந்திரும்." இந்த வசனம் கேட்காத வீடு உண்டா? எங்கள் பாறசாலைப் பக்கத்தில் கேட்டு வளர்ந்தேன். இங்கே ரூவியில் நாலு தமிழ்க் குடும்பம் கூடுகிற இடத்திலும் கேட்கிறேன். மாமியார் சொல்வார், நாத்தனார் சொல்வார், கணவர் சிரித்துக்கொண்டே சொல்வார். என் கட்சி என்னவென்றால், இந்த வசனம் பாதி உண்மை. வேலை வந்தால் தலைவலி வரத்தான் செய்யும். அதிலிருந்து இவர்கள் எடுக்கிற முடிவுதான் தப்பு.

ஒரு கல்யாண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின ராத்திரி ஒரு மணிக்குப் படுத்தவள் நாலு மணிக்கு எழுந்திருக்கிறாள். எல்லோருக்கும் பரிமாறி முடிய மத்தியானம் இரண்டரை. அதுவரை வயிற்றில் ஒரே ஒரு கட்டன் சாயா. பாத்ரூம் தேட வேண்டுமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. அடுப்புப் புகை, பிச்சிப்பூ வாசனை, செண்டு நெடி, வெயில், போதாததுக்கு மைக் செட். தூக்கம் கெடுவது, சாப்பாடு தவறுவது, தண்ணீர் குறைவது, கடும் வெளிச்சம், நெடி, சத்தம் என்று மைக்ரேனைக் கிளப்பிவிடும் காரணங்களாக மருத்துவர்கள் சொல்கிற பட்டியலில் பாதிக்கு மேல் அந்த ஒரே நாளில் வந்துவிட்டது. மாதவிலக்குக் கணக்கும் அந்த வாரம் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். சாயங்காலம் அவள் இருட்டு அறையில் வாளியோடு கிடந்தால் "எட்டீ, ஒரு தலைவலிக்கா இப்படிக் கெடக்க?" என்கிறோம்.

இதே கதை ஆண்களுக்கும் உண்டு, பெயர்தான் வேறு. இங்கே வாரம் முழுக்க ஐந்து மணிக்கு எழுந்து, அலுவலகத்தில் நாலு காபி குடிக்கிற ஆசாமி, வெள்ளிக்கிழமை பத்து மணி வரை தூங்குகிறார். காபி தள்ளிப்போகிறது, காலை உணவு இல்லை. பதினொரு மணிக்குப் பொட்டில் சம்மட்டி அடி. அவருக்கு மட்டும் "பாவம், ஆபீஸ் டென்ஷன்". மனைவிக்கு வந்தால் சாக்கு. இது எந்த ஊர் நியாயம்?

மைக்ரேன் மூளை சம்பந்தப்பட்ட ஒரு நோய். பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வழக்கமான மூளை கண்டுகொள்ளாமல் விடுகிற வெளிச்சத்தையும் பசியையும் இந்த மூளை தாங்காது. மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். குனிந்தால், படியேறினால் கூடும். குமட்டும். சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் மாதிரி வளைந்து வளைந்து ஒளிக்கோடு ஓடும். ஆண் ஒருவருக்கு என்றால் பெண் இரண்டு மூன்று பேருக்கு வருகிறது. கர்நாடகத்தில் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 2300-க்கு மேற்பட்டவர்களிடம் வீடு வீடாகக் கேட்டு நடத்திய ஆய்வு 2015-ல் வெளியானது. அதன்படி ஒரு வருடத்துக்குள் மைக்ரேன் வந்தவர்கள் நாலில் ஒருவர். உலக அளவில் இளம் பெண்களை முடக்கிப்போடும் காரணங்களில் முதல் இடம் மைக்ரேனுக்கு என்று 2019-ஆம் வருடத்துக் கணக்கு சொல்கிறது. இத்தனை பேருமா சாக்குச் சொல்கிறார்கள்?

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1-ல் கோடு போட்டபோது கல்குளமும் விளவங்கோடும் அந்தப் பக்கம் போக, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் மலையாளம். மலையாளத்தில் இந்த நோய்க்குச் சென்னிக்குத்து என்று பெயர், கொடிஞ்ஞி என்றும் சொல்வார்கள். தமிழில் ஒற்றைத் தலைவலி. என் அம்மைக்கோ வாந்தி வருவதால் அது 'பித்தத் தலைவலி'. அதைத்தான் டாக்டரிடமும் சொல்வாள். மாத்திரையும் பித்தத்துக்கே வரும். ஒற்றைத் தலைவலி என்ற பெயரும் அத்தனை சரியில்லை. பலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கிறது, "எனக்கு ரெண்டு பக்கமும்லா வலிக்கு, அப்ப இது மைக்ரேன் இல்ல" என்று விட்டுவிடுகிறார்கள்.

அம்மையின் வட்டத்துப் பெண்கள் பலர் அண்டி ஆபீஸுக்குப் போனவர்கள். முந்திரி பருப்பு உடைக்கிற வேலை, தூக்கத்துக்கு ஏற்ப கூலி. வறுக்கிற புகையிலேயே உட்கார்ந்து நாள் பூரா தலை குனிந்து உடைக்க வேண்டும். தலைவலி என்று ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி பூஜ்யம். அதனால் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். அந்த நஷ்டத்தை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதியதில்லை. பி.காம். படித்தவனுக்கு இது உறுத்தாமல் என்ன செய்யும்?

வைத்தியத்துக்கா பஞ்சம்! குளித்ததும் உச்சியில் ராஸ்னாதிப் பொடி, நெற்றியில் சுக்குப் பற்று, வர்ம ஆசானிடம் ஒரு தட்டு, களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டத்தில் ஒரு கண்ணாடி. படித்த வீடு என்றால் 'சைனஸ்'. பற்றும் பொடியும் போட்டுக்கொண்டு இருட்டில் கண்ணை மூடிப் படுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, சுகமாகத்தான் இருக்கும். சைனஸ் பேச்சில்தான் ஆட்சேபணை. 2004-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சைனஸ் தலைவலி என்று தானே நினைத்த அல்லது மருத்துவரே சொன்ன ஏறக்குறைய 3000 பேரைப் பரிசோதித்தார்கள். 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகை. மைக்ரேனிலும் மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வரும், அதுதான் குழப்பம்.

இனி மாத்திரை. நம் ஆட்களின் கைப்பையில் தலைவலி மாத்திரை இல்லாமல் இருக்காது. இங்கே கிடைக்கிற பனடால் எக்ஸ்ட்ரா, ஊரில் கிடைக்கிற சாரிடான், இரண்டிலும் வலி மருந்தோடு கஃபீனும் கலந்திருக்கிறது. இந்த மாதிரிக் கலவை மாத்திரையை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்க ஆரம்பித்துவிடும். வெறும் பாராசிட்டமால் என்றால் அந்த எல்லை 15 நாள். வட்டிக்கு வாங்கி வட்டி கட்டுகிற கதைதான்.

ஊரில் என் மைனிக்கு நடந்தது இதேதான். பல வருடத் தலைவலி, வீட்டில் 'சோம்பேறி'ப் பட்டம் வேறு. திருவனந்தபுரத்தில் ஒரு நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்டது ஸ்கேன் இல்லை, ஒரு நோட்டு. வலி வந்த தேதி, எத்தனை மணி நேரம், விழுங்கிய மாத்திரை, தூக்கம், சாப்பாடு, மாதவிலக்கு. இரண்டு மாதம் எழுதியதில், மாதத்துக்கு 22 நாள் மாத்திரை என்று தெரிந்தது. வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். முதல் இரண்டு வாரம் வலி கூடியது, மைனி என் அண்ணனைத் திட்டித் தீர்த்துவிட்டாள் :-) கூடவே தினசரி எடுக்கிற தடுப்பு மருந்தும் கொடுத்தார். இப்போது மாதம் நாலு நாள். தலைவலி போய்விடவில்லை. ஆனால் ரேஷன் கடை வேலைக்குத் திரும்பப் போகிறாள்.

தடுப்பு மருந்து என்று ஒன்று இருப்பதே நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், ஃப்ளூனரிசின், டோபிரமேட் எல்லாம் பழைய, விலை குறைந்த மருந்துகள். பலன் தெரிய ஆறு எட்டு வாரம் ஆகும், நம் ஆட்கள் பத்தாம் நாளே நிறுத்திவிடுவார்கள். ஆஸ்துமா உள்ளவருக்குப் புரோப்ரனலால் ஆகாது. குழந்தை பெறும் வயதில் டோபிரமேட், வால்ப்ரோயேட் பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டும், கருவில் உள்ள பிள்ளைக்குக் கெடுதல். வலி வந்ததும் எடுக்கிற சுமட்ரிப்டான் வகை இதய நோய் உள்ளவருக்குக் கூடாது. கண்ணில் ஒளிக்கோடு வருகிற பெண்கள் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுக்கும் முன் அதைச் சொல்லியாக வேண்டும், பக்கவாத அபாயம் கூடுகிறது. அதனால் பக்கத்து ஃபிளாட் அக்காவின் மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள்.

சில தலைவலிகள் நோட்டில் எழுதிக் காத்திருக்க வேண்டியவை அல்ல. இடி விழுந்த மாதிரி திடீரென்று உச்சத்துக்குப் போவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, கை கால் பேச்சு குழறுவது, அடிபட்ட பின் வருவது, 50 வயசுக்கு மேல் முதல்முறையாக வருவது. இவற்றுக்கு நேராக ஆஸ்பத்திரிதான்.

வளைகுடாக் குடும்பங்களுக்கு மட்டும் ஒன்று. லீவு முடிந்து திரும்பும்போது அம்மா பெட்டியில் சொருகிவிடுகிற மாத்திரை அட்டைகளை வெளியே எடுத்துப் பெயரைப் படியுங்கள். கோடீன், டிரமடால் கலந்தவை இங்கே கட்டுப்பாடுள்ள மருந்துகள். சீட்டும் அனுமதியும் இல்லாமல் வந்தால் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். மற்றவற்றுக்கும் டாக்டர் சீட்டை, மருந்தின் மூலப்பெயரோடு, ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டையும் கூடவே வையுங்கள், இங்கே பார்க்கிற டாக்டருக்கு அது வேண்டும்.