விட்டுவிட வேண்டியவற்றுள் சாதியும் ஒன்றாகட்டும்

கத்தோலிக்கத் திருச்சபையில் சேர விரும்பும் வயதுவந்தோருக்கு ஓரிரு நாளில் திருமுழுக்குக் கிடைத்துவிடாது. வழக்கொழிந்து கிடந்த படிநிலை ஆயத்தத்தை மீட்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் பணித்தது. அதற்குரிய சடங்குநூல் 1972இல் வெளிவந்தது. மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் நீளும் மறைக்கல்வி. உடன் நின்று சான்று பகர ஒருவர். தவக்காலத்தின் மூன்று ஞாயிறுகளில் ஆய்வுச் சடங்குகள். இறுதியில், உயிர்ப்புப் பெருவிழாவின் முந்திய இரவில் திருமுழுக்கு. அரிசி மூட்டைக்கு மதம் மாறினார்கள் என ஏளனம் செய்வோர் இந்நெடுவழியை அறிந்ததில்லை.

நம் கேள்வி வேறு. வருகிறவரை இத்துணை நுணுக்கமாக ஆராயும் திருச்சபை, அவரை ஏற்கவிருக்கும் பங்கை ஆராய்கிறதா?

தலித் ஒருவருக்கு இந்த வழியின் விலை அதிகம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, 1956இல் சீக்கியருக்காகவும் 1990இல் பௌத்தருக்காகவும் திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்கும் இசுலாமியருக்கும் இன்றளவும் திருத்தப்படவில்லை. திருமுழுக்குப் பெறுபவர் பட்டியல் சாதி உரிமையை இழக்கிறார். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு நகர்த்தப்படுகிறார். கல்லூரி இடத்தையும் அரசுப் பணியையும் எண்ணியிருக்கும் மாணவரிடம் இதனை முதல் வகுப்பிலேயே எடுத்துரைப்பதே நேர்மை.

சட்டம் பறிப்பதை ஈடுசெய்யும் சமத்துவமேனும் உள்ளே கிடைக்கிறதா? திருச்சபைச் சட்டத்தின் 1183ஆம் விதி, ஆயத்தத்தில் இருப்பவர் திருமுழுக்குக்கு முன்பே இறந்தாலும் அடக்கச் சடங்கில் அவரைக் கிறிஸ்தவராகவே கருத வேண்டும் என்கிறது. அருமையான விதிதான். ஆனால் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கல்லறைகளைப் பிரித்து எழுப்பப்பட்ட சுவர் நாடறிந்தது. அத்தகைய தோட்டத்தில் அவரைச் சுவரின் எப்பக்கம் புதைப்பது என்பதற்கு அவ்விதியில் விடையில்லை. தேர்த்திருவிழாவிலும் பங்குப் பேரவையிலும் இதே சுவர் கண்ணுக்குத் தெரியாமல் நிற்பதை நம் ஊர்கள் அறியும். திருச்சபைக்குள் சாதிப்பாகுபாடு உண்டென்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016ஆம் ஆண்டு வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. ஒப்புதலுக்குப் பின் என்ன நடந்தது என்று பங்குகளில் கேட்டுப் பார்க்கலாம்.

வயதுவந்தோரை உருவாக்குவது குருவின் பணி மட்டுமன்று, திருமுழுக்குப் பெற்ற அனைவரின் பொறுப்பு என்பது அச்சடங்குநூலின் கூற்று. அந்த இரவில் புதியவர் மட்டுமன்றி, கூடியிருக்கும் அனைவருமே எரியும் திரியைக் கையிலேந்தி, சாத்தானையும் அவன் செயல்களையும் விட்டுவிடுவதாக வாக்களிக்கின்றனர். சுவரைக் காத்து நிற்போரும் அவர்களுள் அடக்கம்.

அவ்வாக்குறுதியின் வாசகத்தை உள்ளூர்த் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ள ஆயர் பேரவைகளுக்கு வழிபாட்டு நூல் இடமளிக்கிறது. எனவே ரோமாபுரியின் கதவைத் தட்ட வேண்டிய தேவை பெரிதாக இல்லை. “சாதியையும் தீண்டாமையையும் விட்டுவிடுகிறீர்களா?” என்ற ஒரு வினாவை அதில் சேர்க்குமாறு ஆயர்களிடம் கோருவோம், விடையளிக்க மறுக்கும் பங்கில் அவ்வாண்டு எவருக்கும் திருமுழுக்கு வழங்கப்படலாகாது என்றும் கோருவோம்.