மணலைத் தோண்டினால் மட்டும் போதுமா?

2025 ஏப்ரலில் ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்த பிறகு, இங்கே பேச்செல்லாம் சுரங்கத்தைப் பற்றியே இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் அருமண் கொண்ட மோனசைட் மணல் கிடக்கிறது, அள்ளினால் தீர்ந்தது என்கிறார்கள். தீராது. மணலில் கலந்துள்ள லாந்தனைடுகள் என்னும் அருமண் தனிமங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதுதான் பெரும்பாடு. அது ஏன் என்பதைப் படிகக் கட்டமைப்பு காட்டித்தருகிறது.

அருமண் ஆலைகளில் பழகிப்போன ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம். லாந்தனைடு கரைசலில் ஆக்சாலிக் அமிலத்தைச் சேர்த்தால் ஆக்சலேட் வீழ்படிவாகும். அதைச் சுட்டால் ஆக்சைடு. எக்ஸ் கதிர் ஆய்வின்படி அந்த வீழ்படிவு ஓர் அடுக்கு அணைவுப் பலபடி. ஒவ்வோர் உலோக அயனியையும் மூன்று ஆக்சலேட்டுகள் இரண்டிரண்டு ஆக்சிஜன்களால் பற்றியிருக்கின்றன. மூன்று நீர் மூலக்கூறுகளும் சேர, அயனியைச் சுற்றி ஒன்பது ஆக்சிஜன்கள். ஆக்சலேட்டின் மறுபக்கம் அடுத்த அயனியைப் பிணைப்பதால், தேனடை போன்ற அறுகோணத் தாள்கள் விரிகின்றன. தாள்களுக்கிடையே மேலும் நீர். லாந்தனத்தில் தொடங்கி லாந்தனைடு வரிசையின் பெரும்பகுதிக்கு இதே அமைப்புதான். ஒன்பது ஆக்சிஜன் சூழலில் லாந்தனம் அயனியின் ஆரம் 121.6 பிகோமீட்டர், கடைசியிலுள்ள லுட்டீசியத்துக்கு 103.2. பதினான்கு படிகளில் சுருங்குவது 18 பிகோமீட்டர்தான். அதனால் நியோடிமியத்தின் இடத்தில் பிரசியோடிமியம் எளிதாக அமர்ந்துவிடுகிறது. ஆக்சலேட் முறை லாந்தனைடுகளை இரும்பிலிருந்து பிரித்துவிடும்; அவற்றைத் தமக்குள் பிரிக்காது.

அருமண் பிரிப்பில் சீனா வென்றது மலிவான உழைப்பாலும் சூழல் கேட்டைப் பொருட்படுத்தாததாலும்தானே என்று கேட்கலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் அது பாதிக் கதை. பீக்கிங் பல்கலைக்கழகத்தின் அணைவு வேதியியலர் சூ குவாங்சியான் 1970களில் வகுத்த தொடர் கரைப்பான் பிரிப்புக் கோட்பாடு அந்நாட்டு ஆலைகளின் நடைமுறையையே மாற்றியது. 2008ஆம் ஆண்டுக்கான சீன அரசின் உயரிய அறிவியல் விருது அவருக்குக் கிடைத்தது. ஆனாலும் படிகவியல் ஆய்வு வெறும் கட்டுரைகளாகவே முடிகிறது என்ற குறையை நான் மறுக்கவில்லை. புதிய கட்டமைப்பை வெளியிட்டுவிட்டு, அது எவ்வளவு கரையும், எந்த அயனியைத் தேர்ந்து பிடிக்கும் என்று அளக்காமல் விடுவது அரைவேலை. அதற்காக ஆய்வகத்தை மூடுவதில் பயனில்லை. அந்த அளவீட்டுக்குப் பணம் கொடுப்பதே சரி.

கன்னியாகுமரி மாவட்டக் கடலோர மக்கள் மணல் சுரங்கத்தை எதிர்த்துப் போராடிவருகிறார்கள். பிரிக்கும் அறிவை வளர்க்காமல் அவர்கள் நிலத்தைக் கேட்பது அநியாயம். மத்திய அரசு அருமண் திட்டங்களுக்கான நிதியில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகங்களின் படிகவியல், பிரிப்பு வேதியியல் ஆய்வகங்களுக்கென்று தனியே ஒதுக்க வேண்டும்.